பைராம் விடுமுறையில் இடிபாடும் கடலும்: செல்சுக், சீதே, பதாரா, அசோஸ் நான்கில் எது?

துருக்கியின் மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் கிரேக்க, ரோமானிய நகரங்களின் இடிபாடுகள் கடலை ஒட்டியே கிடக்கின்றன. காலையில் பழைய நகரம், மாலையில் கடல் என்று ஒரு வாரத்தை நிறைவாகக் கழிக்கலாம். ஆனால் அந்த வாரம் பைராமில், அதாவது பெருநாள் விடுமுறையில் வந்து விழுந்தால் கணக்கு மாறிவிடும். மற்ற நாட்களில் எந்த நகரம் பெரியது, எந்தக் கடற்கரை நல்லது என்று பார்த்தால் போதும். பைராமில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தங்கும் அறையிலிருந்து இடிபாட்டுக்கும் கடலுக்கும் வண்டி இல்லாமல் போய்வர முடியுமா? அந்த நாட்களில் காலை வாருவது சாலை நெரிசலும், பேருந்தில் கிடைக்காத இருக்கையும், கார் நிறுத்த இடமின்மையும்தான். இடிபாடு எங்கும் ஓடிவிடாது.

இந்த அளவுகோலை வைத்து நான்கு ஊர்களை ஒப்பிடுவோம். அதற்கு முன் தேதியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பாதித் தவறுகள் தேதியிலேயே நடக்கின்றன.

துருக்கியில் நோன்புப் பெருநாளுக்கு மூன்றரை நாள் விடுமுறை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலரை நாள். முன்னதை ரமஸான் பைராமி என்றும் பின்னதைக் குர்பான் பைராமி என்றும் சொல்வார்கள். அந்த அரை நாள், பெருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கும். அந்த நாளுக்குப் பெயர் அரிஃபே. அங்கே பிறை பார்த்து நாள் குறிப்பதில்லை. வானியல் கணக்குப்படி முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள். 2026-இல் ரமஸான் பைராமி மார்ச் 20 முதல் 22 வரை, குர்பான் பைராமி மே 27 முதல் 30 வரை. நம் ஊரில் பிறை கண்டு அறிவிப்பதால் பெருநாள் பெரும்பாலும் ஒரு நாள் பிந்தும். நம் நாட்காட்டியைப் பார்த்து விமானச் சீட்டு எடுப்பவர், அரிஃபே அன்று இறங்குவதாக நினைத்துக்கொண்டு பெருநாள் காலையில் போய் இறங்குவார். கடை அடைப்பு, பண்டிகைக் கூட்டம் இரண்டும் ஒன்றாக வந்து எதிர்கொள்ளும்.

விடுமுறை வாரத்தின் நடுவில் வந்தால் இன்னொன்றும் நடக்கலாம். முன்னும் பின்னும் இருக்கும் வேலை நாட்களை அரசு ஊழியர்களுக்கு விடுப்பாக அறிவித்து, இரு வார இறுதிகளையும் சேர்த்து 9 நாள் ஆக்கிவிடுவது துருக்கியில் வழக்கம். 2026 குர்பான் பைராமியின் அரிஃபே செவ்வாய்க்கிழமை. திங்களும் செவ்வாய்க் காலையும் சேர்ந்தால் மே 23 சனி முதல் 31 ஞாயிறு வரை ஒரே நீட்டு விடுமுறை. அறிவிப்பு சில சமயம் கடைசி வாரங்களில்தான் வரும். வந்த மறுகணம் கரையோர அறைகளின் விலை ஏறும். ஆகவே 9 நாள் என்றே வைத்துக்கொண்டு முன்பதிவு செய்வதுதான் புத்திசாலித்தனம். குறைந்தது மூன்று நான்கு இரவு தங்கினால்தான் அறை என்று பல விடுதிகள் பைராமில் நிபந்தனை போடும். ஒரு ஊருக்கு ஒரு இரவு என்று தாவித் தாவிப் போகும் திட்டம் அங்கேயே அடிபட்டுப்போகும்.

எந்தப் பைராம் என்பதும் முக்கியம். மார்ச்சில் வரும் பெருநாளுக்குக் கடலில் இறங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கும், மழையும் வரலாம். ஆனால் இடிபாடு பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. புல் பச்சையாக இருக்கும், கற்கள் சுடாது. மே இறுதியில் வரும் பெருநாளுக்கு இரண்டும் கிடைக்கும். அப்போதும் ஏஜியன் கடலைவிடத் தெற்கே இருக்கும் மத்தியதரைக் கடல் சீக்கிரம் சூடாகும். குளிர்ந்த நீரில் குழந்தைகள் இறங்க மாட்டார்கள் என்றால் செல்சுக், அசோஸ் பக்கம் ஒரு மதிப்பெண் குறையும். சீதே, பதாரா பக்கம் கூடும். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் பெருநாள் முன்னே நகர்வதால், 2027-இல் குர்பான் பைராமி மே நடுப்பகுதிக்கு வந்துவிடும். அப்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

எல்லா ஊருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியகங்களும் இடிபாட்டுத் தலங்களும் பெருநாளின் முதல் நாள் பிற்பகல் 1 மணி வரை மூடியிருக்கும். மற்ற நாட்களில் வழக்கம்போல் திறந்திருக்கும். முதல் நாள் காலை 8 மணிக்கு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு செல்சுக்கை ஒட்டிய பழைய நகரமான எபேசின் வாசலில் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. சரியாக 1 மணிக்கு போய் நிற்பதும் வீண். காலை முழுவதும் காத்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் நுழையும், வெயிலும் உச்சியில் இருக்கும். முதல் நாள் காலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் இடிபாட்டுக்குப் போவதே சரி.

இனி ஊர்கள்.

செல்சுக் (எபேசு)

இடிபாடுதான் முதல், கடல் பிறகு என்பவர்களுக்கு இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். தமிழ் வேதாகமத்தின் வழியே நமக்குப் பழகிய எபேசு இதுதான். மலைச்சரிவில் ஏறக்குறைய 24,000 பேர் அமரக்கூடிய அரங்கம், மீண்டும் தூக்கி நிறுத்தப்பட்ட செல்சஸ் நூலக முகப்பு, சலவைக்கல் பாவிய தெரு, கூரைக்குக் கீழே பாதுகாக்கப்பட்ட அடுக்கு வீடுகள். 2015 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். மற்ற மூன்று ஊர்களையும் சேர்த்தாலும் இந்த அளவுக்கு ஒரு நகரம் முழுதாகக் கண்முன் எழாது.

குறை கடல்தான். எபேசு ஒரு காலத்தில் துறைமுகம். கூச்சுக் மெந்தெரெஸ் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தை மூடியது. இன்று அரங்கத்தின் படியில் நின்று பார்த்தால் துறைமுகத் தெரு நேராகப் போய்ப் புல்வெளியில் முடிகிறது. கடல் இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அருகில் உள்ள நல்ல மணற்கரை பாமுஜாக். செல்சுக்கிலிருந்து எட்டொன்பது கி.மீ. அகலமான கரை, கட்டடங்கள் குறைவு, பிற்பகலில் காற்றும் அலையும் அதிகம். கோடையில் தொல்முஷ் ஓடும். தொல்முஷ் என்பது நம் ஷேர் வேன் போல, ஆள் சேர்ந்ததும் புறப்படும் சிறு வண்டி. பைராம் முதல் நாள் காலையில் ஓட்டுநரும் வீட்டில் இருப்பார், வண்டி அரிதாகத்தான் வரும். இருபது கி.மீ. தள்ளியிருக்கும் குஷாதாசியில் தங்கி அங்கிருந்து எபேசு போகலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். சாதாரண வாரத்தில் சரி. பைராமில் குஷாதாசியின் கரையோரச் சாலை மாலையில் நகராது. செல்சுக்கில் தங்குவதே மேல்.

எபேசுக்கு இரண்டு வாயில்கள். மேல் வாயிலில் நுழைந்து கீழ் வாயிலில் வெளியேறினால் முழுவதும் இறக்கம். தொல்முஷ் கீழ் வாயிலுக்குத்தான் போகும். அங்கே இறங்கியவர் நகரம் முழுவதும் ஏறி, மறுபடி இறங்க வேண்டும். போகும்போது மட்டும் டாக்ஸி பிடித்து மேல் வாயிலில் இறங்குங்கள். திரும்பும்போது கீழ் வாயிலிலிருந்து தொல்முஷ், அல்லது மரநிழல் சாலையில் மூன்று கி.மீ. நடை. உள்ளே மூன்று மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும், நிழல் மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த சலவைக்கல் வழுக்கும். ரப்பர் அடி கொண்ட ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். கழிப்பறை வாயில்களில்தான். அடுக்கு வீடுகளுக்குத் தனிச் சீட்டு. அங்கே கூரை உண்டு என்பதால் வெயில் உச்சியில் இருக்கும்போது அதற்குள் போவது நல்லது. படிகள் நிறைய, முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்கவும்.

கட்டணம் வெளிநாட்டவருக்கு யூரோவில் குறிக்கப்பட்டு லிராவில் வசூலிக்கப்படுகிறது. 2024-இல் எபேசுக்கு மட்டும் 40 யூரோ ஆனது. நான்கு பேர் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. இரண்டு மூன்று பெரிய தலங்களாவது பார்ப்பதாக இருந்தால், நாடு முழுவதும் 15 நாள் செல்லும் அருங்காட்சியக அட்டையின் அன்றைய விலையை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். அட்டை இருந்தால் சீட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பைராமில் அதுவே பெரிய ஆதாயம்.

கூட்டத்துக்கு இன்னொரு காரணம் குஷாதாசிக்கு வரும் பயணக் கப்பல்கள். கப்பல்களுக்குப் பெருநாள் கிடையாது. காலை ஒன்பது முதல் பிற்பகல் வரை பேருந்து பேருந்தாக இறக்கும். துறைமுகத்தின் கப்பல் அட்டவணை இணையத்தில் கிடைக்கும். கப்பல் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலை திறந்ததும் நுழைந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கோடையில் சில மாலைகளில் இரவிலும் திறக்கிறார்கள். அதற்குச் சீட்டு வேறு, நாட்கள் வேறு.

செல்சுக்குக்கு இன்னொரு பலம் ரயில். இஸ்மிர் விமான நிலையத்திலேயே நிலையம் இருக்கிறது, தெனிஸ்லி போகும் வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செல்சுக்கில் இறக்கிவிடும். நெடுஞ்சாலை எப்படி அடைத்துக்கொண்டாலும் ரயில் போகும். நின்றுகொண்டே போக வேண்டியிருக்கலாம், பெரிய பெட்டி வேண்டாம்.

சீதே

அந்தாலியாவுக்குக் கிழக்கே, விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 65 கி.மீ. தூரத்தில், கடலுக்குள் நீட்டிய நாக்கு போன்ற நிலத்தில் இருக்கிறது சீதே. இங்கே இடிபாடும் ஊரும் பிரியவே இல்லை. தேநீர்க் கடைக்குப் பின்னால் ரோமானியத் தெரு, விடுதிக்குப் பக்கத்தில் மதில். முனையில் கடலைப் பார்த்தபடி அப்பல்லோ கோவிலின் ஐந்து தூண்கள் நிற்கின்றன. மாலையில் அங்கே போக ஒரு காசும் வேண்டாம். அரங்கத்துக்கும் பழைய குளியல் கூடத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் சீட்டு உண்டு. சாய்ந்து அமர நல்ல மலைச்சரிவு இல்லாத சமதளம் என்பதால், அரங்கத்தை வளைவுகளின்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அடியில் நடந்து போகும்போது கட்டியவர்களின் உழைப்பு புரியும்.

நாக்கின் இரு பக்கமும் மணற்கரை, ஆழம் மெதுவாகக் கூடும். முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு நான்கில் இதுவே சிறந்தது. எல்லாம் பத்து நிமிட நடை. பெருநாள் முதல் நாளிலும் உணவகங்கள் திறந்திருக்கும்.

விலை என்ன என்றால் அமைதி. பைராமில் சீதே நிரம்பி வழியும். பழைய நகருக்குள் கார் விடுவதில்லை, வெளியே நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும். ஆகவே அங்கே கார் எடுத்துப் போகாதீர்கள். அறையை நாக்கின் உள்ளேயே எடுங்கள். "சீதே" என்று பெயர் போட்டுக்கொண்டு பல கி.மீ. தள்ளி நிற்கும் பெரிய விடுதிகளில் தங்கினால், மறுபடி வண்டியை நம்பத்தான் வேண்டும். முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் அப்பல்லோ கோவிலிலிருந்து விடுதிக்கு நடை தூரம் பாருங்கள். ஒரு கி.மீ.க்கு மேல் என்றால் வேறு அறை தேடுங்கள்.

அந்தாலியா நகரிலேயே தங்குபவர்களுக்கு எதிர்த்திசையில் ஃபாசெலிஸ் இருக்கிறது. பைன் மர நிழல், மூன்று சிறு துறைகள், தண்ணீருக்கு அருகிலேயே ரோமானியச் சுவர்கள். இடிபாட்டின் நடுவே நீந்தலாம் என்ற ஆசைக்கு அதைவிட அழகான இடம் சொல்வது கடினம். பைராமில் நண்பகலுக்கு முன்பே கார் வரிசை சாலையை எட்டும், கடல் வழியாகச் சுற்றுலாப் படகுகளும் வரும். வாயில் திறக்கும்போதே உள்ளே போய், பதினொரு மணிக்குக் கிளம்பிவிட முடிந்தால் மட்டும் போங்கள்.

பதாரா

எங்கள் தேர்வு இதுதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஃபெத்தியேவுக்கும் கால்கானுக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து உள்வாங்கிய கெலெமிஷ் என்ற சிற்றூரில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் தங்க வேண்டும். அங்கிருந்து ஒரே சாலை. முதலில் வாயில், பிறகு மூன்று வளைவு கொண்ட நகர நுழைவு, அரங்கம், இந்தக் கரைப்பகுதியின் பழைய நாடான லிசியாவின் நகரக் கூட்டமைப்புக்கான பேரவை மண்டபம், கடைசியில் கடல். மொத்தம் இரண்டு, இரண்டரை கி.மீ. லிசிய நகரங்கள் தம் அளவுக்கு ஏற்பப் பிரதிநிதிகளை அனுப்பி, வாக்களித்து முடிவெடுத்த மண்டபம் அது. 2010-களின் தொடக்கத்தில் சீரமைத்து முடித்தார்கள். உள்ளே போய்க் கற்படியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பதாராவின் துறைமுகமும் மணலில் மூடிப்போனதுதான். ஆனால் எபேசில் வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டு போனது. இங்கே மணல் நகரத்தை மூடிவிட்டுக் கடலைப் பக்கத்திலேயே விட்டுவைத்தது. அதன் பலன், பத்து கி.மீ.க்கும் மேல் நீளும் மணற்கரை. தொல்லியல் காப்புப் பகுதி என்பதாலும் கடலாமைகள் முட்டையிடும் இடம் என்பதாலும் கரையில் விடுதி கட்ட அனுமதி இல்லை. பைராமிலும் இங்கே கூட்டம் வரும். வந்தவர்கள் எல்லோரும் சிற்றுண்டிக் கடையைச் சுற்றிய சில நூறு மீட்டருக்குள் நிற்பார்கள். பதினைந்து நிமிடம் கரையோரமாக நடந்தால் பக்கத்தில் ஆள் இருக்காது. வேறு எந்த ஊரும் பைராமில் இதைத் தராது.

சங்கடங்களையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு அப்பால் குடையும் நிழலும் கிடையாது, சொந்தக் குடை வேண்டும். பிற்பகலில் காற்று கிளம்பி மணலை முகத்தில் அடிக்கும், அலையும் உயரும். காப்பாளர் இல்லாத பகுதியில் நீந்தத் தெரியாதவர்கள் இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது. ஆமைகள் முட்டையிடும் காலத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை கரைக்குப் போகத் தடை. சூரிய உதயத்தைக் கரையில் பார்க்கும் ஆசை அப்போது நிறைவேறாது. ஆமைக் கூடுகளைக் குறிக்கும் கம்பிக் கூண்டுகளுக்கு அருகில் குடைக் காம்பை நடாதீர்கள். கடற்கரைக்கும் அதே வாயில் வழிதான் பாதை. முதல் நாள் காலை கடலுக்குப் போக நினைத்தால் முந்தின நாளே வாயிலில் கேட்டு வையுங்கள். பல நாள் தங்குவோர் பலமுறை நுழையும் சீட்டு உண்டா என்றும் கேட்கட்டும். தினமும் தனிச் சீட்டு எடுத்தால் தொகை சேர்ந்துகொண்டே போகும்.

அரிஃபே மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பக்கத்து விமான நிலையமான தாலாமான் நூறு கி.மீ.க்கு மேல். நெடுஞ்சாலையில் இறக்கிவிடும் பேருந்திலிருந்து ஊருக்குள் போக அன்று வண்டி கிடைக்காமல் போகலாம். விடுதிக்காரரிடம் சொல்லி வைத்தால் வந்து ஏற்றிக்கொள்வார்கள். பணத்தை ஃபெத்தியேவிலோ கால்கானிலோ எடுத்துக்கொண்டு வாருங்கள். நீண்ட விடுமுறையில் சிற்றூர் ஏடிஎம் காலியானால் நிரப்ப ஆள் வர நாளாகும்.

இது கிராமம் என்பதால் குர்பானியும் கண்முன் நடக்கலாம். குழந்தைகளுக்கு அது சங்கடம் என்றால் முதல் நாள் காலை அறையிலேயே பொறுமையாக இருக்கட்டும். மதியத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். விடுதிக்காரர் ஒரு தட்டு இறைச்சி கொண்டுவந்து வைப்பார். அது விருந்தாளிக்கான பங்கு. சைவம் சாப்பிடுபவர்கள் அறைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டால், ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்களும் கொஸ்லெமே ரொட்டியும் பருப்பு சூப்பும் கிடைக்கும். "இயி பைராம்லார்" என்று முதலில் நீங்கள் வாழ்த்துங்கள், முகம் மலர்ந்துவிடும்.

அசோஸ்

கடலிலிருந்து 236 மீட்டர் உயரத்தில் அதேனா கோவில், எதிரே லெஸ்போஸ் தீவு, கீழே சிறு துறை. அரிஸ்டாட்டில் சில ஆண்டுகள் தங்கிக் கற்பித்த ஊர். காட்சி என்று பார்த்தால் நான்கிலும் இதுவே உயர்ந்தது. ஆனாலும் பைராமில் வேண்டாம் என்றே சொல்வோம். இஸ்தான்புல்காரர்கள் ஒரே நாளில் காரோட்டி வந்துவிடக்கூடிய தூரம், துறைக்கு இறங்கும் சாலையோ குறுகல், செங்குத்து. மேலே போகும் கார் கீழே வரும் காருக்காக நிற்க, இரண்டின் பின்னாலும் வரிசை வளரும். கோவில் மேலே, கடல் கீழே, இடையில் செங்குத்தான ஏற்றம். நடந்தே சமாளிக்கலாம் என்ற நம் அளவுகோலில் இது தேறவில்லை. கரையும் கூழாங்கல். பைராம் முடிந்த அடுத்த வாரம் போனால் இதே ஊர் சொர்க்கம்.

முடிவெடுக்க

நேரம் நான்கே நாள், இடிபாடுதான் உயிர் என்றால் செல்சுக். அரிஃபேக்கு முன்தினமே ரயிலில் போய் இறங்குங்கள். தாத்தா பாட்டி, குழந்தைகள் என்று பெரிய குடும்பம் என்றால் சீதேயின் பழைய நகருக்குள். நடக்கத் தெம்பு உண்டு, கூட்டம் பிடிக்காது, வசதி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் பதாரா. செல்சுக்கையும் பதாராவையும் ஒரே பைராமில் இணைக்கப் பார்க்காதீர்கள். இடையில் உள்ள சாலைப் பயணம் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். இரண்டும் வேண்டும் என்றால் பைராம் நாட்களில் பதாராவில் அசையாமல் இருந்துவிட்டு, விடுமுறை முடிந்த பிறகு செல்சுக் போங்கள்.

பேருந்தில் போவதாக இருந்தால் சீட்டை வாரக்கணக்கில் முன்பே எடுங்கள். சீட்டு எடுக்கும்போது ஆணா பெண்ணா என்று குறிக்கச் சொல்வார்கள். தனியே போகும் பெண்ணின் பக்கத்து இருக்கையை அறிமுகமில்லாத ஆணுக்குத் தர மாட்டார்கள். தவறாகக் குறித்தால் கடைசி நேரத்தில் இருக்கை மாற்றம், வாக்குவாதம். வாடகைக் காரில் போனால், அரசு நடத்தும் நெடுஞ்சாலைகளும் பாலங்களும் பைராமில் வழக்கமாக இலவசம். தனியார் கட்டி நடத்தும் ஒஸ்மான்காஸி பாலம் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. வண்டியில் ஒட்டியிருக்கும் சுங்க வில்லையில் இருப்பு உண்டா என்று காரை எடுக்கும்போதே கேளுங்கள்.

மருந்துக் கடைகள் மூடியிருக்கும். ஆனால் ஒவ்வொரு வட்டத்திலும் முறை வைத்து ஒன்று திறந்திருக்கும். மூடிய கடையின் கதவிலேயே அன்றைய முறைக்கடையின் பெயரும் முகவரியும் எழுதியிருப்பார்கள். அதற்கு நொபெட்சி எஜ்ஸானே என்று பெயர், டாக்ஸிக்காரரிடம் சொன்னால் கூட்டிப்போவார். வயிற்றுப்போக்குக்கும் வெயில் கொப்புளத்துக்கும் வேண்டிய மருந்தை அரிஃபே காலையிலேயே வாங்கி வைத்துவிட்டால் அந்த அலைச்சலும் இல்லை.

திரும்பும் நாளைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பைராமின் கடைசி நாள் பிற்பகலும், அதன்பின் வரும் ஞாயிறும் இஸ்தான்புல், இஸ்மிர் நோக்கிய எல்லாச் சாலைகளும் நிற்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடலாம் என்று கணக்குப் போட்டுச் சாலையில் மாட்டிக்கொள்பவர்கள் அந்த நாளில்தான் அதிகம். 2026-இல் என்றால் மே 30, 31 இரண்டையும் விட்டுவிட்டு, ஜூன் 1 அல்லது 2 காலை விமானத்துக்குச் சீட்டு எடுங்கள். அந்த இரு இரவுகளுக்கு அறை விலையும் இறங்கியிருக்கும், கரையும் காலியாக இருக்கும்.